வானம் தெளிந்தது, ஆட்சியாளர் தெளிந்தனரா?

2020ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத் தொடக்கத்தில் பஞ்சாப் மாநிலத்து ஜலந்தர் நகர மக்கள் தத்தம் வீட்டு மாடிகளில் ஏறி நின்று வடதிசையை நோக்கி வியந்தனர். நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தௌலாதார் மலைத்தொடர், பனிமுடி தரித்து, அடிவானத்திலே வெள்ளெனத் தோன்றியது. முதியோர் பல்லாண்டுகளுக்குப் பின் அதனை மீண்டும் கண்டனர். இளைஞர் பலர் பிறந்த நாள் தொட்டு அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். மலை எங்கும் போயிருக்கவில்லை. மலைக்கும் நகருக்கும் இடையே தொங்கிய புகைத்திரைதான் சில நாள் விலகி நின்றது.

அந்நாளிலே கொரோனா என்னும் கொள்ளைநோயைப் புகழ்ந்து பேசியோரும் உளர். மனிதன் ஒடுங்கினான், இயற்கை உயிர்த்தது, நோயே பூமிக்கு மருந்தாயிற்று என்றெல்லாம் நகரத்துக் கற்றோர் சிலர் மாடியிலிருந்து கவி பாடினர். அந்தப் பாட்டிலே நாம் சேரோம். பட்டினி கிடந்தவன் உடல் மெலிந்ததைக் கண்டு, பட்டினி நல்ல வைத்தியம் என்று கூறுவாருண்டோ? ஆயினும் அந்த நாட்களை மறந்துவிடவும் நாம் ஒருப்படோம். எந்த விஞ்ஞானியும் எவ்வளவு பொருள் செலவிட்டும் நடத்தியிருக்க முடியாத ஒரு பரிசோதனை, கேளாமலே உலகம் முழுவதிலும் ஒரே காலத்தில் நடந்தேறியது. அதன் விடைகளுள் தமக்கு உவப்பானவற்றை மட்டும் படித்துவிட்டு, எஞ்சியவற்றை ஆட்சியாளர் மடித்துவைத்துவிட்டனர் என்பதே எமது குற்றச்சாட்டு.

நடந்ததை முதலில் நோக்குவோம். 2020 சனவரி 23ஆம் திகதி சீனாவின் வூகான் நகரம் பூட்டப்பட்டது. சில வாரங்களுக்குள் அமெரிக்க, ஐரோப்பிய விண்வெளி நிறுவனங்களின் செய்மதிகள், அந்நாட்டின் வானத்தில் நைதரசன் ஈரொட்சைட்டு என்னும் வாயு பெரிதும் குறைந்திருப்பதைப் படமெடுத்துக் காட்டின. மோட்டார் வாகனங்களும், மின் நிலையங்களும், தொழிற்சாலைகளும் எரிபொருளை எரிக்கும்போது பிறப்பது இவ்வாயு. தோன்றிய சில மணி நேரத்திலே அது சிதைந்துபோவதால், எங்கே எரிகிறதோ அங்கேதான் அது நிற்கும். எரிப்பு நின்றால் விரைவிலே மறையும். ஆகையால், ஒரு நாட்டின் இயந்திரங்கள் ஓடுகின்றனவா நிற்கின்றனவா என்பதை வானத்திலிருந்தே கண்டுகொள்வதற்கு அது ஒரு குறியாக அமைந்தது.

இந்தியாவில் மார்ச் 24ஆம் திகதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றிப் பேசினார். நான்கு மணி நேர அவகாசம். நள்ளிரவில் நூற்று முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் முடக்கப்பட்டனர். பஸ் வண்டிகள், புகையிரதங்கள், விமானங்கள் யாவும் நின்றன, ஆலைகள் மூடப்பட்டன, கட்டிட வேலைகள் நின்றன. டில்லியின் காற்றிலே மிதக்கும் நுண்துகள், அதாவது தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கேயாகி, சுவாசப்பையின் ஆழத்துக்கும் அங்கிருந்து குருதிக்கும் செல்லவல்ல அந்தத் தூசி, முன்னைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிடுகையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பல பத்தாண்டுகளாக ஆணைக்குழு மேல் ஆணைக்குழு வைத்தும், நீதிமன்றம் மேல் நீதிமன்றம் ஏறியும் கைகூடாதது, சில நாட்களிலே கைகூடிற்று.

எவருடைய செலவில்? இக்கேள்வியைத்தான் மாடியிலிருந்து மலை பார்த்தோர் கேட்க மறந்தனர். நகரங்களைக் கட்டி எழுப்பிய கூலித் தொழிலாளர், வேலையும் இன்றி, வாடகைக்கு வழியும் இன்றி, பிள்ளைகளைத் தோளிற் சுமந்து பல நூறு மைல் நடந்து ஊர் சென்றனர். மே மாதம் 8ஆம் திகதி மகாராட்டிர மாநிலத்து ஔரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்திலே உறங்கிவிட்ட பதினாறு தொழிலாளர்மீது சரக்குப் புகையிரதம் ஏறிற்று. இவர்களுள் எத்தனை பேர் மோட்டார் கார் வைத்திருந்தார்கள்? எத்தனை பேர் வீட்டிலே குளிரூட்டி ஓடிற்று? காற்றை மிகக் குறைவாகக் கெடுத்தவரும், கெட்ட காற்றை மிக அதிகமாகச் சுவாசித்தவரும் அவர்களே. காற்றைத் தூய்மையாக்கும் விலையையும் அவர்களிடமிருந்தே அறவிட்டார்கள். ஊரடங்குச் சட்டத்தின் கீழ்ச் சந்தைகள் பூட்டியிருக்க, விளைந்த பொருள் தோட்டத்திலேயே வாடியதைக் கண்ட எமது கமக்காரருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, மடித்துவைக்கப்பட்ட விடைகளுக்கு வருவோம்.

வூகான் பூட்டப்பட்டு, வீதிகள் வெறிச்சோடிக் கிடந்த அதே பெப்ரவரியில், பீஜிங் உட்பட்ட வடசீனச் சமவெளியைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. ஒரு காரும் ஓடாதபோது புகை எங்கிருந்து வந்தது என்று மக்கள் திகைத்தனர். விடை எளிது. மின் நிலையங்களும் பாரிய உருக்கு ஆலைகளும் அங்கு நின்றுவிடவில்லை. காற்று அசையாது நின்றது, ஈரம் மிகுந்திருந்தது, வாயுக்கள் ஒன்றோடொன்று கூடிப் புதிய துகள்களாக உறைந்தன. வீதியை மறிப்பதால் மட்டும் வானம் வெளுத்துவிடாது என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஓசோன் வாயுவின் கதை இதனிலும் விசித்திரமானது. மேலே வானுயரத்தில் எம்மைக் காக்கும் ஓசோன், தரையின் அருகே பிறந்தால் நஞ்சு. வெயிலும், வாகனப் புகையும், எரிபொருள் ஆவிகளும் கூடியே அது உண்டாகின்றது. ஆனால் வாகனப் புகையில் வரும் நைதரசன் ஓரொட்சைட்டு, உண்டாகிய ஓசோனைத் தின்றுவிடுவதும் உண்டு. அப்புகை திடீரெனக் குறைந்தபோது, தின்பார் இன்றி ஓசோன் பெருகிற்று. ஐரோப்பாவிலும் சீனாவிலும் பல நகரங்களில் முடக்க நாட்களிலே ஓசோன் ஏறிற்றேயன்றி இறங்கவில்லை. ஒரு நஞ்சை மட்டும் இழுத்துப் பிடித்தால் மற்றொன்று தலைதூக்கும். எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒன்றாகக் குறைக்க வேண்டும். இது நகரத்தாரின் மூச்சுக்கு மட்டும் உரிய விடயமென்று எமது கமக்காரர் எண்ணிவிடலாகாது. ஓசோன் பயிரின் இலைத்துளை வழியே நுழைந்து, பச்சையத்தைக் கெடுத்து, மணியைச் சுருங்கச் செய்கிறது. 2005ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியாவின் நெல், கோதுமை, சோயா, பருத்தி ஆகிய பயிர்களில் ஏறக்குறைய 60 இலட்சம் தொன் இதனால் நட்டமாயிற்றென்று ஆய்வாளர் கணித்துள்ளனர். பூச்சி தின்றதையும் வெள்ளம் கொண்டதையும் கண்ணால் காணலாம். காற்று தின்றதை எந்தக் கமக்காரன் கண்டான்?

அடுப்பும் நிற்கவில்லை. விறகும் வறட்டியும் எரியும் கோடிக்கணக்கான வட இந்தியக் குடிசைகளில், முடக்க நாட்களிலும் பெண்கள் புகையைச் சுவாசித்தபடியேதான் சமைத்தனர். அந்தப் புகையும் கூரையைக் கடந்து ஊர்க்காற்றிலே கலப்பதுதான். ஏழை வீடுகளுக்கு மூன்று எரிவாயுச் சிலிண்டர்களை இலவசமாக வழங்க இந்திய அரசு அந்நாட்களில் முன்வந்தமை பாராட்டத்தக்கது. மூன்றோடு அது நின்றதை என்னவென்று சொல்வது?

உலகை வெப்பமாக்கும் காபனீரொட்சைட்டின் கணக்கும் இத்தகையதே. 2020 ஏப்ரில் தொடக்கத்தில் உலகின் அன்றாட வெளியேற்றம் முன்னைய ஆண்டின் சராசரியிலும் 17 வீதம் குறைந்தது. ஆண்டு முடிவிலோ, ஐந்து வீதத்துக்குச் சற்று மேற்பட்ட குறைவே எஞ்சிற்று. அடுத்த ஆண்டே அது பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. அதுமட்டுமன்று. உலகம் முடங்கிக் கிடந்த அந்த மே மாதத்திலேதான், ஹவாய்த் தீவின் மவுனா லோவா நிலையம் பத்து இலட்சத்தில் 417 பங்கு என, அதுவரை கண்டிராத உச்ச அளவைப் பதிவு செய்தது. நிரம்பிய தொட்டிக்குள் வரும் நீரைச் சிறிது குறைத்ததால் தொட்டி வற்றிவிடுமா?

முடக்கம் முடியும் வேளையில் நேர்ந்த ஒரு கொடுமையையும் இங்கே குறித்தாக வேண்டும். மே 7ஆம் திகதி விடியற்காலை, ஆந்திர மாநிலத்து விசாகப்பட்டினத்தில், மீண்டும் திறப்பதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கொள்கலத்திலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து ஊருக்குள் பரவிற்று. வாரக்கணக்கில் அசையாது கிடந்த திரவம் தானே சூடேறியமையே காரணம். உறங்கிக் கிடந்த மக்களுள் பன்னிருவர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாட்டின் காற்று தூய்மையாயிற்று என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வாரம் அது. கதவைப் பூட்டினால் நஞ்சு அடங்கிவிடும் என்று எண்ணுவோர் விசாகப்பட்டினத்தை நினைவிற் கொள்ளட்டும்.

பின்பு ஐப்பசி வந்தது. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடை முடிந்து வயல்களில் அடித்தாள் எரிந்தது. பஞ்சாபில் மட்டும் அப்பருவத்தில் 75,000க்கு மேற்பட்ட இடங்களில் தீயைச் செய்மதிகள் கண்டன. அது முன்னைய ஆண்டிலும் அதிகம். நவம்பர் முதல் வாரங்களில் டில்லி மீண்டும் மூச்சுத் திணறிற்று. உடனே பழி எவர் தலையில் விழுந்தது? கமக்காரன் தலையில்.

இவ்விடயத்தில் எமது வாசகர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கமக்காரன் தன் வயலையும் தன் பிள்ளைகளின் கண்ணையும் எரிக்க ஆசைகொண்டவன் அல்லன். பஞ்சாப் இயல்பாக நெல் விளையும் பூமியன்று. பசுமைப் புரட்சியின்போது நாட்டின் பசியைத் தீர்க்கவென்று அரசாங்கமே விலை உறுதி தந்து, குழாய்க்கிணற்றுக்கு மின்சாரம் தந்து, நெல்லை நடச் செய்தது. நிலத்தடி நீர் பாதாளத்துக்கு இறங்கிற்று. அதனைக் காக்க 2009ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது: யூன் மாத நடுப்பகுதி வரை நாற்று நடலாகாது. நல்ல நோக்கமே. ஆனால் நடவு பிந்தினால் அறுவடையும் பிந்தும். அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே எஞ்சுவது இரண்டு மூன்று வாரங்களே. அறுவடை இயந்திரமோ கதிரைக் கொய்துகொண்டு அடித்தாளை முழங்கால் உயரத்துக்கு விட்டுச் செல்கிறது. ஆள்வைத்து அரியக் கூலி கட்டாது. தாளோடு சேர்த்தே விதைக்கும் பொறி உண்டு. சிறு கமக்காரனால் அதை வாங்க இயலாது. பிந்திய விதைப்பு விளைச்சலைக் குறைக்கும். ஒரு தீக்குச்சியின் விலை யாவரும் அறிவர். நீரைக் காக்கச் செய்த சட்டம், எவரும் விரும்பாமலே, தீயைக் குளிர்காலத்தின் வாசலுக்குத் தள்ளிவிட்டது. அக்காலத்திலோ காற்று கனத்துத் தரையோடு படிந்து, புகையைக் கலையவிடாது பிடித்துவைக்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டிய மத்திய அரசு, 2020 அக்டோபர் மாத முடிவில் ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. டில்லியின் காற்றைக் காக்க ஓர் ஆணைக்குழு. அதன் கட்டளையை மீறுவோருக்கு ஐந்தாண்டுச் சிறை அல்லது ஒரு கோடி ரூபா தண்டம். நாலேக்கர் நெல் விதைப்பவனுக்கு ஒரு கோடி ரூபா தண்டம்! அக்கார்த்திகையிலே டில்லியின் எல்லையில் வந்து குந்திய விவசாயிகள் முன்வைத்த கோரிக்கைகளுள் இத்தண்டனையை நீக்குவதும் ஒன்று. டிசம்பர் முடிவில் அரசு இறங்கிவந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவசாயிகள் அத்தண்டனையிலிருந்து விலக்கப்பட்டனர். ஓரிரவில் முடக்கம் போட்டுப் பழகிய கைக்கு, ஓரிரவில் தண்டம் போடுவதும் எளிதாகத் தோன்றியது போலும். இத்தகைய கையை எமது நாட்டுக் கமக்காரரும் அறிவர்: 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளையை ஒரே கட்டளையால் தடைசெய்து, விளைச்சலைக் குலைத்து, அதே ஆண்டு கார்த்திகையிலே அத்தடையை மீளப்பெற்ற கதை இன்னும் எமது வயல்களில் ஆறாத புண்ணாகக் கிடக்கின்றது.

அந்த ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் என்ன மிஞ்சிற்று? டில்லியின் சராசரி நுண்துகள் அளவு 2019இல் கனமீற்றருக்கு ஏறக்குறைய 98 மைக்கிரோகிராம், 2020இல் 84. உலக சுகாதார நிறுவனம் அன்று தாங்கத்தக்கதென வகுத்திருந்த எல்லை 10. ஒரு தேசத்தின் பிழைப்பையே நிறுத்தி வாங்கிய நன்மை, ஆண்டு முடிவில் இவ்வளவே.

அப்படியாயின் காற்றைத் தூய்மையாக்க வழியே இல்லையா? உண்டு, நாடுகள் செய்தும் காட்டியிருக்கின்றன. 1952 டிசம்பர் 5ஆம் திகதி இலண்டன் மாநகரைக் கவ்விய நிலக்கரிப் புகை ஐந்து நாள் நின்று, அன்றைய கணக்கிலேயே நாலாயிரம் உயிர்களைக் கொண்டது. பின்வந்த ஆய்வாளர் பன்னீராயிரம் வரை கூறுவர். பிரித்தானியர் வீடுகளுக்குப் பூட்டுப் போடவில்லை. 1956இல் பாராளுமன்றத்தில் தூய காற்றுச் சட்டத்தை இயற்றினர். புகையில்லா வலயங்களை வகுத்தனர். வீட்டு அடுப்பை மாற்றுவதற்கு மக்களுக்குப் பணவுதவியும் செய்தனர். பீஜிங் நகரத்தின் கதையோ எமது காலத்தது. 2008 ஒலிம்பிக் விளையாட்டுக்காக ஆலைகளை மூடி வானத்தை வெளுக்கச் செய்தார்கள். விருந்தினர் சென்றதும் புகை திரும்பிற்று. 2013இல் அங்கு நுண்துகள் 89.5 மைக்கிரோகிராம். அதன் பின்னரே திட்டமிட்டு நிலக்கரிக் கொதிகலன்களை அகற்றி, ஆலைப் புகைபோக்கிகளை வடிகட்டி, 2017இல் 58க்கும் 2020இல் 38க்கும் இறக்கினர். அங்கும் அதிகாரிகளின் அவசரத்தால், 2017 குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்பு பறிக்கப்பட்டும் எரிவாயு வந்துசேராத கிராமங்களில் மக்கள் நடுங்கிக் கிடந்தனர் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எனினும் அந்த இறக்கம் நிலைத்தது. முடக்கத்தின் இறக்கம் நிலைக்கவில்லை.

இவ்வளவும் அறிந்த இந்திய அரசு செய்தது என்ன? அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளிலிருந்து கந்தகவீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் கருவிகளைப் பொருத்தவேண்டும் என்ற விதி 2015 டிசம்பரில் வெளியாயிற்று. இரண்டாண்டு அவகாசம். 2017 கடந்தது; தவணை நீட்டப்பட்டது; மீண்டும் நீட்டப்பட்டது; பின்னும் நீட்டப்பட்டது. 2025 யூலையில், நிலையங்களுள் நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு அக்கருவி வேண்டியதே இல்லை என்று அறிவித்து விட்டார்கள். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவென்பதும், செலவு அதிகமென்பதும் அவர்கள் கூறும் நியாயம். கந்தகம் குறைவாயினும் எரிக்கும் நிலக்கரியின் தொகை மலையளவு அன்றோ? அவ்வாயு காற்றிலே நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான மைல் செல்லும் என்பதை அவர்களுடைய விஞ்ஞானிகளே எழுதியுள்ளனர். 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 16.7 இலட்சம் மரணங்களுக்குக் கெட்ட காற்றே காரணமென்பது அந்நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட கணக்கு. கோடிக்கணக்கான கூலிக்காரரை நான்கு மணி நேரத்தில் நிறுத்த முடிந்த அரசுக்கு, சில நூறு புகைபோக்கிகளைப் பத்தாண்டிலும் திருத்த முடியவில்லை என்றால், குறைவு வல்லமையில் இல்லை, விருப்பத்தில் இருக்கின்றது.

இது வடநாட்டார் விவகாரம், எமக்கென்ன என்று கேட்போருக்கு 2022ஆம் ஆண்டு மார்கழியை நினைவூட்டுகிறோம். வங்கக் கடலிலே மண்டூஸ் என்னும் புயல் திரண்டபோது, வாடைக்காற்று வட இந்தியாவின் புகையையும் தூசியையும் வாரிவந்து எமது தலையிலே கொட்டிற்று. யாழ்ப்பாணத்திலும் பிற இடங்களிலும் பட்டப்பகலிலே புகார் மூடியது போல் வானம் மங்கிற்று. டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. கொரோனாவின் பொருட்டு மூடிய பாடசாலைகளைத் திறந்து சில காலம் கழியுமுன்னே, காற்றின் பொருட்டு மூட நேர்ந்தது. அப்புகைக்குக் கடவுச்சீட்டும் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை.

எமது வீட்டுக் குறையையும் மறைக்கலாகாது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் நிற்கின்றது. சோளகக் காற்றுக் காலத்தில் அதன் சாம்பலும் கரித்தூளும் தோட்டங்களிலே படிவதாகக் கற்பிட்டிக் கமக்காரர் முறையிட்டு வந்திருக்கின்றனர். சம்பூரில் மற்றொன்றை எழுப்பும் எண்ணம் 2016இல் கைவிடப்பட்டமையும், அங்கே 2025 ஏப்ரிலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டமையும் நல்ல மாற்றங்களே. காணி இழந்த சம்பூர் மக்களின் வழக்கு தனியே பேசத்தக்கது; அதனைச் சூரிய ஒளியிலே மறைத்துவிட எவரும் முயலலாகாது.

1998ஆம் ஆண்டு மாலைதீவின் தலைநகரிலே, எல்லை கடந்து செல்லும் காற்று மாசைப் பற்றிய பிரகடனம் ஒன்றில் இந்தியாவும் இலங்கையும் உட்படத் தென்னாசிய நாடுகள் ஒப்பமிட்டன. கட்டுப்படுத்தும் வலிமை அதற்கில்லை. அளந்து ஒருவருக்கொருவர் அறிவிப்போம் என்ற வாக்குறுதி மாத்திரம் உண்டு. அந்த வாக்குறுதியையாவது கொழும்பு அரசு இன்று கையிலெடுக்க வேண்டும். 2025 யூலையில் வழங்கிய விலக்கால் வாடைக்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வரக்கூடிய நஞ்சின் அளவு என்ன என்று டில்லியிடம் எழுத்திலே கேட்க வேண்டும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஒவ்வொரு மாவட்டத்திலும் காற்றின் அளவை அன்றாடம் எடுத்து, மழையளவை அறிவிப்பது போலத் தமிழிலே அறிவிக்க வேண்டும். எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் இவ்விரண்டையும் வாடை தொடங்குமுன் சபையிலே கேட்பார்களா?